ஏழு நாள் விடுப்பும் அரசாங்க வார்த்தாவும்

நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆயினும் 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு வாரம் முழுக்கச் சட்டத்தோடு மல்லுக்கட்ட நேர்ந்தது. காரணம் என் பெரியப்பா மகன். ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் கிராணியாக இருக்கிறார். சம்பளம் 2,800 ரிங்கிட். அண்ணிக்குப் பிரசவ நேரம் நெருங்கியது. அப்பாக்களுக்கு ஏழு நாள் விடுப்பு உண்டு என்று யாரோ சொல்ல, அண்ணன் அலுவலகத்தில் போய்க் கேட்டிருக்கிறார். “வேலைச் சட்டம் 2,000 வெள்ளிக்குக் கீழே உள்ளவங்களுக்குத்தான், உங்களுக்கு இல்ல” என்று பதில் வந்தது. அன்றிரவே எனக்குத் தொலைபேசி. “தம்பி, நீ யுனிவர்சிட்டில படிச்சவன்தானே, இது நெஜமா பொய்யான்னு பார்த்துச் சொல்லு.”

பார்த்துச் சொல்வது ஐந்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன்.

நண்பர் ஒருவர் அனுப்பிய 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் பிரதியை முதலில் திறந்தேன். அப்பாக்களுக்கான விடுப்பு என்ற சொல்லே அதில் இல்லை. பெண்களின் பிரசவ விடுப்பும் 60 நாள் என்றே இருந்தது. பிரதி பழையது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அடுத்து, நாடாளுமன்றத்தில் 2021 அக்டோபரில் தாக்கல் செய்யப்பட்ட திருத்த மசோதா கிடைத்தது. அதில் அப்பாவுக்கு 3 நாள், அம்மாவுக்கு 90 நாள். செய்தித்தாளோ 7 என்கிறது, 98 என்கிறது. எதை நம்புவது?

இரண்டும் பொய்யில்லை. 2022 மார்ச்சில் மக்களவை விவாதித்தபோது குழு நிலையில் 3 என்பது 7 ஆகவும், 90 என்பது 98 ஆகவும் மாற்றப்பட்டன. இந்த மாற்றத்தை நாடாளுமன்ற அகப்பக்கத்தில் உள்ள ஹன்சார்டில் காணலாம். யார் எழுந்தார், என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் வரிக்கு வரி அங்கே கிடக்கிறது, காசு கேட்பதில்லை. தேர்தல் காலத்தில் மேடையில் கேட்பதைவிட நம் பிரதிநிதிகளை அங்கே நன்றாகத் தெரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

மசோதா வேறு, சட்டம் வேறு. ஈரவைகளும் ஏற்று, மாமன்னர் ஒப்புதல் அளித்தபின் அது ஏ1651 என்ற எண் கொண்ட திருத்தச் சட்டமாயிற்று. ஏ என்ற எழுத்து இருந்தால் அது திருத்தச் சட்டம். மூலச் சட்டத்தின் எண் 265. ஆனால் சட்டமானதும் அது நடப்புக்கு வந்துவிடுவதில்லை. முதலில் 2022 செப்டம்பர் 1 என்றார்கள். பிறகு 2023 ஜனவரி 1க்குத் தள்ளி வைத்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் குழந்தை பெற்ற எத்தனை பேர் ஏமாந்தார்களோ!

இங்கேதான் வார்த்தா வருகிறது. அரசிதழைத்தான் நாம் மலாய்ச் சொல்லால் வார்த்தா என்கிறோம். கூட்டரசு அரசியலமைப்பின் 66(5)ஆவது பிரிவு, வெளியிடப்படும் வரை எந்தச் சட்டமும் நடப்புக்கு வராது என்கிறது. எத்தனையோ ஆண்டுகளாக அரசாங்க ஆவணம் என்றால் முகப்பில் கைகட்டி நின்று கேட்டு வாங்குவது என்றே நம்மில் பலர் பழகிவிட்டோம். நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நம் கண்ணில் காட்டியே ஆகவேண்டும் என்று அரசியலமைப்பே சொல்வதை அந்த வாரம்தான் அறிந்தேன். சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் கூட்டரசுச் சட்டங்களையும் வார்த்தாவையும் இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. மலாயிலும் ஆங்கிலத்திலும் உண்டு. பிரதியைத் திறந்ததும் எந்தத் தேதி வரையிலான திருத்தங்கள் சேர்ந்துள்ளன என்று முகப்பில் பார்க்க வேண்டும். நான் அதைப் பார்க்காமல்தான் முதல் நாளை வீணாக்கினேன்.

திருத்தச் சட்டத்தில் 60எஃப்ஏ என்ற புதிய பிரிவு கிடைத்தது. மணமானவர், அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்தவர், எதிர்பார்க்கும் பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்போ, குழந்தை பிறந்தபின் இயன்றவரை விரைவாகவோ தெரிவித்தவர் என்றால் ஏழு தொடர் நாட்கள் சம்பளத்தோடு விடுப்பு. ஐந்து பிரசவங்கள் வரை. அண்ணன் எல்லாவற்றுக்கும் பொருந்தினார்.

ஆனால் அந்த 2,000 வெள்ளி? சட்டம் யாருக்குப் பொருந்தும் என்பது முதல் அட்டவணையில் இருக்கிறது. ஏ1651ஐ முழுதும் புரட்டியும் அட்டவணையை மாற்றிய வரி இல்லை. அலுவலகம் சொன்னதுதான் சரியோ என்று மூன்றாம் நாள் சோர்ந்துவிட்டேன். உண்மையில் அந்த அட்டவணையை நாடாளுமன்றம் மாற்றவில்லை. மனிதவள அமைச்சர் 2022இல் தனி உத்தரவால் மாற்றினார். அத்தகைய துணைச் சட்டங்கள் வார்த்தாவில் பி.யூ.(ஏ) என்ற வரிசையில் வரும். தேடும் இடம் தெரிந்ததும் பத்து நிமிடத்தில் கிடைத்தது. அதன்படி 2023 ஜனவரி 1 முதல் சம்பளம் எவ்வளவாயினும் எல்லா ஊழியருக்கும் சட்டம் பொருந்தும். 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குவோருக்கு மட்டும் ஓவர்டைம், பணிநிறுத்தப் பலன் போன்ற சில பிரிவுகள் இல்லை. இது தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனித் தொழிலாளர் சட்டங்கள் உள்ளன. அங்குள்ள தோழர்கள் அவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

நீதிமன்றத் தீர்ப்புகள் வேறு கதை. நீதித்துறையின் அகப்பக்கத்தில் பல தீர்ப்புகள் இலவசமாகவே உள்ளன. ஆனால் 1932இல் தொடங்கிய மலாயன் லா ஜர்னல் போன்ற தீர்ப்புத் தொகுப்புகளை வசதியாகத் தேட வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும். நம் பல்கலைக்கழக நூலகம் கட்டுகிறது. மாணவர் அட்டை செல்லும் வரை உங்களுக்கும் திறந்திருக்கும். படித்த காலத்தில் நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் இறுகிய கதவு அரசாங்கத்தின் உள் அறிக்கைகளுடையது. 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டம் அங்கே காவல் நிற்கிறது. பினாங்கும் சிலாங்கூரும் மாநில அளவில் தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் இயற்றின.

ஆறாம் நாள் மூன்று தாள்களை அச்செடுத்து அண்ணனிடம் கொடுத்தேன்: புதிய பிரிவு, நடப்புக்கு வந்த தேதி, அட்டவணை உத்தரவு. அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. அவர் இரண்டு நாள் ஆண்டு விடுப்பு எடுத்திருந்தார். அலுவலகத்தில் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் ஏழு நாளையும் கொடுத்து, அந்த இரண்டு நாளையும் திருப்பிக் கணக்கில் சேர்த்தார்கள். சண்டை ஏதும் இல்லை. அவர்களிடம் இருந்ததும் பழைய பிரதிதான்.

“இதத் தமிழ்ல ஒரு பக்கம் எழுதிக் கொடு தம்பி, ஸ்டோர்ல இன்னும் ரெண்டு பேரு வீட்டுல மாசமா இருக்காங்க” என்றார் அண்ணன். எழுதிக் கொடுத்தேன். சட்டத்தை மலாயிலிருந்து தமிழில் சொல்ல ஒரு மாலை முழுதும் ஆயிற்று.