இலை சிறுத்தால் வெயில் சுடாது

பங்குனி மாத உச்சி வெயிலில் சாலையோரப் புளிய மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு சிற்றிலையும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுதான் பெரியது. அதே வெயிலில் ஆனைமலைக் காட்டுத் தேக்கு மரங்கள் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கும். தேக்கு இலையோ ஓர் அடிக்கு மேல் நீளும். ஒரே இலையில் ஒருவர் சோறு போட்டுச் சாப்பிடலாம். ஒன்று ஏன் தழைத்து நிற்கிறது, மற்றொன்று ஏன் உதிர்த்துவிடுகிறது? விடையில் பெரும்பங்கு இலையின் வடிவத்தில் இருக்கிறது.

மேலிருந்து இழுக்கும் நீர்

வேர் உறிஞ்சும் நீரை உச்சிக்கு ஏற்ற மரத்தில் மோட்டார் ஏதும் இல்லை. இலையின் நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகிறது. போன நீரின் இடத்தை நிரப்ப அடுத்த துளி மேலே வருகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்வதால், நீரைக் கடத்தும் சைலம் குழாய்களில் உள்ள நீர்த்தூண் முழுவதும் கயிறு போல மேலே இழுபடுகிறது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஹென்றி டிக்சன், ஜான் ஜோலி ஆகிய இருவரும் 1894இல் முன்வைத்த விளக்கம் இது. கலிஃபோர்னியாவில் 115 மீட்டரைத் தாண்டி வளர்ந்த ரெட்வுட் மரத்தின் உச்சிக்கும் நீர் இப்படித்தான் ஏறுகிறது.

வேர் எடுக்கும் நூறு பங்கு நீரில் தொண்ணூற்றைந்துக்கும் மேல் ஆவியாகவே போய்விடுகிறது. இலைக்குள் நீர் கடக்கும் தூரம் மிகக் குறைவு. ஆனாலும் வேர் முதல் இலை வரை நீர் சந்திக்கும் மொத்தத் தடையில் சராசரியாக 30 சதவீதம் இலைக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் இலையின் அமைப்பு மாறினால் மரம் முழுவதன் நீர்க்கணக்கும் மாறுகிறது.

காற்றுப் போர்வை

எந்த இலையின் மேலும் அசையாத காற்று மெல்லிய போர்வையாக ஒட்டியிருக்கும். இலையின் ஓரத்தில் மெல்லியதாக இருக்கும் அது, உள்ளே போகப்போகத் தடிக்கும். அகன்ற இலையின் நடுப்பகுதியில் இந்தப் போர்வை வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. வெயிலில், சுற்றியுள்ள காற்றைவிட இலை அதிகமாகச் சூடேறுகிறது. குளிர்வதற்கு அது நீரைச் செலவிட்டே ஆக வேண்டும். மண்ணில் நீர் இல்லையென்றால் கருகும், அல்லது உதிரும். தேக்கு உதிர்க்கும் வழியைத் தேர்ந்திருக்கிறது.

சிறிய இலையில் போர்வை தடிக்க இடமே இல்லை. வீசும் காற்று வெப்பத்தை உடனே வாரிக்கொண்டு போகிறது. பப்பாளி இலையின் ஆழமான பிளவுகளும் இதே வேலையைச் செய்கின்றன. ஒவ்வொரு மடலும் தனித்தனிச் சிறு இலை போலக் குளிர்கிறது. கிழிந்த வாழை இலையும் அப்படித்தான்.

இங்கே பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. சிறிய இலை என்றாலே நீர் குறைவாகப் போகும் என்று நினைக்கிறோம். உண்மையில், துளைகள் திறந்திருந்தால் மெல்லிய போர்வை வழியாக ஆவி இன்னும் எளிதாகவே வெளியேறும். குளிர்வதற்கு நீரை நம்பியிருக்க வேண்டாம் என்பதுதான் சிறிய இலையின் பலம். உச்சி வேளையில் அது துளைகளை மூடிக்கொள்ளலாம், அப்போதும் கருகாது.

நரம்புகளின் மாற்றுப்பாதை

வறட்சி கூடும்போது நீர்த்தூண் அறுந்து குழாய்க்குள் காற்றுக்குமிழ் புகும். அந்த வழி அடைபட்டுப் போகும். சிறிய இலைகளில் பெரிய நரம்புகள் நெருக்கமாக ஓடுவதால், ஒரு வழி அடைத்தாலும் நீர் பக்கத்து வழியில் சுற்றிப் போய்ச் சேரும். இத்தகைய இலைகள் வறட்சியை நன்றாகத் தாங்குவதை, லாரன் சாக், கிறிஸ்டீன் ஸ்கோஃபோனி உள்ளிட்ட கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள்.

உலகெங்கும் இதே கணக்கா? ஆஸ்திரேலியாவின் இயான் ரைட் தலைமையிலான குழு 7,670 தாவர இனங்களின் இலைகளை ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டது. வெப்பமும் மழையும் சேர்ந்த இடங்களில் பெரிய இலைகள். வெப்பமும் வறட்சியும் சேர்ந்த இடங்களில் சிறியவை. குளிர்நாடுகளில் இரவுப் பனியும் இலையைச் சிறுக்க வைக்கிறது.

நடும் முன் பாருங்கள்

வேர் பிடிக்காத கன்றுக்கு அகன்ற இலை பெரும் சுமை. தேக்கை நடுபவர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். நாற்றின் இலைகளை எல்லாம் நீக்கி, வேரோடு சிறு தண்டை மட்டும் விட்டு, குச்சியாகவே நடுகிறார்கள். நட்ட பிறகுதான் புது இலை வருகிறது.

தெருவுக்கோ பள்ளிக்கோ கன்று வாங்கும்போது அதன் இலையைப் பாருங்கள். தண்ணீர் ஊற்ற ஆளில்லாத வெட்டவெளி என்றால் வேம்பு, புளி போன்ற, சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலை மரங்களைத் தேர்ந்தெடுங்கள். அகன்ற இலை மரம்தான் வேண்டும் என்றால், முதல் இரண்டு மூன்று கோடைக்காவது அதற்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள்.