சாவியைக் கொடு, தோழா!

சேர்வராயன் மலைமீது, ஏற்காட்டு வட்டத்திலே, செம்மநத்தம் என்றோர் ஊர் உண்டு. காப்பிச் செடியும் மிளகுக் கொடியும் செழிக்கும் மலை. அங்கே மலைவாழ் மக்களும் தோட்டத் தொழிலாளரும் பாடுபட்டுப் பிழைக்கின்றனர். மலையைவிட்டுச் சேலம் சென்று திரும்ப வேண்டுமானால் மலைப்பாதையை நம்பித்தான் ஆகவேண்டும். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையிலே கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 20! பட்டப் பகலில், தெளிந்த தலையோடு வருபவனே கியரைக் குறைத்து, ஒலியெழுப்பி, ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு, அடிமேல் அடிவைத்து இறங்கும் பாதை அது. 2024 ஏப்ரல் 30-ஆம் நாள், 13-ஆவது வளைவருகே தனியார் பேருந்து உருண்டு உயிர்கள் பறிபோயின. குடியால் நேர்ந்தது அது என்று நான் கூற வரவில்லை. பாதையின் தன்மையைக் கூறுகிறேன்.

அந்தப் பாதையிலே, இரவு பத்து மணிக்கு, பனி மூடிய நேரத்திலே, மது உள்ளே போன மனிதன் வண்டியைக் கிளப்புகிறான். “எனக்கா தெரியாது இந்த ரோடு? கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவேன்!” என்கிறான். ஆமாம் ஐயா, கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டுகிறீர்!

“ஒரு டம்ளர் காப்பி குடித்தால் தெளிந்துவிடும்” என்பார் உண்டு. காப்பி தூக்கத்தை விரட்டும். இரத்தத்தில் கலந்த மதுவை விரட்டாது. அதைக் கரைக்கும் வேலை ஈரலுடையது. மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம், அதாவது 100 மில்லி லிட்டர் இரத்தத்துக்கு. அதற்குமேல் அவசரப்படுத்த யாராலும் ஆகாது. சட்டம் பொறுத்துக்கொள்ளும் எல்லை 30. இரவு பத்து மணிக்கு ஒருவனுக்கு 120 இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லைக்குள் வர விடியற்காலை நான்கு மணி ஆகும். தாண்டிப் பிடிபட்டால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தோட்டத்திலே முதுகொடிபவன் எத்தனை நாள் கூலியைக் கொட்டினால் அந்தப் பத்தாயிரம் நிறையும்? எண்ணிப் பார், தோழா!

இதே சேலம் மாவட்டத்தில்தான் 1937 அக்டோபர் முதல் நாள், ஆச்சாரியார் மந்திரிசபை மதுவிலக்கைத் தொடங்கிவைத்தது. அதற்குப் பிறகு கடைகள் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. விற்பதும் சர்க்கார், வழியில் மறித்து ஊதச் சொல்வதும் சர்க்கார்! நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளை அப்புறப்படுத்தச் சொல்லி 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அந்த வழக்கும் நம் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். கடை உள்ளே நகர்ந்தது. குடித்தவனின் வண்டியோ மறுபடி சாலைக்குத்தானே வந்தாக வேண்டும்!

2024-இல் கோவை மாநகரக் காவல்துறை வேறொரு வழி கண்டது. வண்டியில் வந்து குடித்தவரைத் தாமே ஓட்ட விடாதீர், மாற்று ஓட்டுநரை ஏற்பாடு செய்வது உம் பொறுப்பு என்று மதுக்கூடக்காரர்களுக்குக் கூறியது. “குடிகாரனுக்குப் பல்லக்கா?” என்று கேலி பேசினர் சிலர். எதிரே சைக்கிளில் வருகிற பால்காரனை நினைத்துப் பார்த்திருந்தால் அந்தக் கேலி பிறந்திருக்காது.

இதற்கான ஆள் நமக்குப் புதியவனல்ல. ‘ஆக்டிங் டிரைவர்’ என்று ஊரெங்கும் அழைக்கிறோமே, அவனேதான். சென்னையிலும் பெங்களூரிலும் தொலைபேசியைத் தட்டினால் வருகிறான். சாவியை வாங்கி, உன் வண்டியிலேயே உன்னை வீடு சேர்க்கிறான். ஜப்பானிலே இதற்கெனத் தனிச் சட்டமே 2001-இல் இயற்றினார்கள். அங்கே இருவராக வருவர். ஒருவர் வாடிக்கையாளர் காரை ஓட்ட, மற்றவர் பின்னாலேயே இன்னொரு வண்டியில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு திரும்புவார். இழப்பீட்டுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம்.

ஆனால் இதெல்லாம் கார் வைத்திருப்பவன் கதை. மோட்டார் சைக்கிளில் வரும் தொழிலாளிக்கு யார் டிரைவர்? அவன் வண்டியை அங்கேயே விட்டுவிட வேண்டும். இரவு முழுதும் வண்டி பத்திரமாய் நிற்க மதுக்கூடத்தார் இடம் தரவேண்டும். ஆட்டோவோ ஜீப்போ நியாயமான கூலிக்கு அவனை வீட்டில் விடவேண்டும். விற்பனையில் காசு பார்ப்பவர்கள் இதைச் செய்யட்டும் என்று கேட்பதிலே என்ன பிழை?

மலைக்கு வரும் உல்லாசப் பயணிகளின் காருக்கோ, மலையின் வளைவுகளை மனப்பாடமாய் அறிந்த உள்ளூர் இளைஞனைவிடச் சிறந்த ஓட்டுநன் கிடைப்பானா? ஓட்டல் அறைக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர், உயிருக்கு ஒரு பங்கு கொடுத்தால் குறைந்தா போவார்? உரிமம் வைத்திருக்கும் தம்பிமார் இதைத் தொழிலாக்கலாம். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு நலவாரியம் இருக்கிறது. முதலில் அதில் பெயரைப் பதிந்துகொள். வண்டிக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று பார்த்துவிட்டு உட்கார். கூலியை மலைமேலேயே பேசி முடி. நள்ளிரவில் அஸ்தம்பட்டியிலே காரை ஒப்படைத்துவிட்டு இறங்கும்போது, மலையேறப் பஸ் இருக்காது. அந்தத் திரும்பும் செலவையும் சேர்த்துக் கொடுக்கச் சம்மதிக்கிறவரிடம் மட்டும் சாவியை வாங்கு.