பெற்றோல் காரை மின்சாரக் காராக்கலாமா? முதலில் கணக்குப் பார்ப்போம்

1990 ஆம் ஆண்டு வடக்கில் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் காண்பதற்கரிய பொருளாயிற்று. எம்மவர் கைகட்டி இருக்கவில்லை. பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைச் சிறிது பெற்றோலில் இயக்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். 2022 இல் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். அப்படியானால், எஞ்சினையே கழற்றிவிட்டு மின் மோட்டர் பூட்டினால் என்ன? பல நாடுகளில் வீட்டுக் கொட்டிலிலேயே இதைச் செய்திருக்கிறார்கள். எங்களுக்கு அது பொருந்துமா என்று பார்ப்போம்.

செய்யும் முறை

எஞ்சின், பெற்றோல் தாங்கி, புகைக்குழாய், ரேடியேற்றர் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். கியர்ப்பெட்டி அப்படியே இருக்கலாம். தடித்த உலோகத் தகடொன்றைக் கடைசல் பட்டறையில் வெட்டுவித்து, அதன் மூலம் மோட்டரைக் கியர்ப்பெட்டியுடன் பொருத்துவார்கள். இரண்டு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். சிறிது பிசகினாலும் பெயாரிங் தேய்ந்துவிடும். பற்றரிக்கும் மோட்டருக்கும் இடையில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். அக்சிலேற்றரை மிதிக்கும் அளவுக்கு ஏற்ப அது மின்னோட்டத்தைக் கூட்டும், குறைக்கும்.

பாரந்தான் சிக்கல்

ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறக்குறைய 9 யூனிற் சக்தி உண்டு. எஞ்சின் அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. சில்லுக்குச் சேர்வது சுமார் 2 யூனிற்தான். மோட்டர் அப்படி வீணாக்காது. சிறிய கார் ஒன்று ஒரு யூனிற்றில் 6 கிலோமீற்றர் வரை ஓடும்.

ஆனால் 12 வோல்ற், 100 அம்பியர்-மணி ஈய-அமிலப் பற்றரி ஒன்றின் பாரம் ஏறக்குறைய 30 கிலோ. அதில் 1.2 யூனிற் அடங்கும். பற்றரி நீடித்து உழைக்கப் பாதியையே எடுக்கலாம். எட்டுப் பற்றரிகள் வைத்தால் 240 கிலோ. பயன்படுவது 5 யூனிற்றுக்கும் குறைவு. ஓடும் தூரம் 30 கிலோமீற்றருக்கு உட்பட்டது. இரண்டரை லீற்றர் பெற்றோல் செய்யும் வேலைக்கு 240 கிலோ சுமக்கிறோம்! லிதியம் பற்றரியில் பாரம் மூன்றில் ஒன்றாகக் குறையும், பல வருடம் உழைக்கும். ஆனால் தொடக்கச் செலவு அதிகம்.

மறக்கக் கூடாதவை

• 96 வோல்ற் நேரோட்டம் உயிரைப் பறிக்கக்கூடியது. வேலைக்கு முன் மோதிரம், கைக்கடிகாரம் கழற்றுங்கள். பியூசும், அவசரத்தில் மின்னைத் துண்டிக்கும் சுவிச்சும் கட்டாயம் வேண்டும்.
• ஈய-அமிலப் பற்றரி சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வாயு வெளியேறும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். விளக்கு, பீடி, சுருட்டு அருகில் வேண்டாம்.
• பிறேக்கும் வில்லுகளும் கூடுதல் பாரத்தைத் தாங்க வேண்டும். பற்றரிகளை முன்னும் பின்னும் பகிர்ந்து வையுங்கள்.
• பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் பெற்றோல் என்றே இருக்கும். வேலை தொடங்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் தெரிவியுங்கள்.

முதலில் கிணற்றடி

நாள்தோறும் ஒரே குறுந்தூரம் சென்று இரவில் வீடு திரும்பும் வாகனத்துக்கு இம்மாற்றம் பொருந்தும். சந்தைக்குத் தொலைதூரம் மூட்டை ஏற்றுபவருக்குப் பொருந்தாது.

ஆனால் எங்களிற் பலருக்கு எரிபொருள் அதிகம் செலவாவது வீதியிலல்ல, கிணற்றடியில். தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஓரிடத்தில் நிற்பது. அது தன் பற்றரியைச் சுமந்து ஓடத் தேவையில்லை. பகல் வெயிலில் சூரியத் தகடுகளால் இறைத்துத் தொட்டியை நிரப்பினால் பற்றரியே வேண்டாம். தொட்டித் தண்ணீர்தான் சேமிப்பு. ஒரு குதிரைவலு மோட்டருக்கு ஏறக்குறைய 750 வாற் வேண்டும். வெயில் குறையும் நேரத்தையும் கருதி 1,000 வாற்றுக்கு மேற்பட்ட தகடுகள் பூட்டுவது நல்லது. பிறர் காணியில் பயிர் செய்யும் குடும்பம், நாளை சொந்தக் காணிக்குத் திரும்பும்போது தகட்டையும் மோட்டரையும் கழற்றிக் கொண்டுபோகலாம்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றி லூக்கா நற்செய்தி கூறுகிறது. ஒரு மாதத்துக்கு வாகனத்துக்கு எத்தனை லீற்றர், இறைப்புக்கு எத்தனை லீற்றர் என்று தனித்தனியே கொப்பியில் எழுதிவாருங்கள். அயலில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. சேமிப்பை எங்கே போடுவது என்பதை அந்தக் கணக்கே காட்டித்தரும்.