கிரகணமும் குழந்தையின் உதடும்



பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்ல, எங்கள் திருமுக்கூடல் பக்கத்தில் ஒரு வீட்டிற்கு அழைக்கப்பட்டேன். முகத்தைத் துணியால் மூடியே குழந்தையைத் தந்தார்கள். மேலுதடு பிளந்திருந்தது. "கிரகணத்தன்று வெளியே போகாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன் ஹஜ்ரத், கேட்டாளா இவள்?" என்றார் பாட்டியார். குழந்தையின் தாயார் தலைநிமிரவே இல்லை.

சற்றே சிந்தியுங்கள்! ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் பால்குடிப் பருவத்திலேயே மறைந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்தால்தான் கிரகணம் என மக்கள் பேசினர். மகனை இழந்த துயரத்திலும் அண்ணலார் அதனை ஏற்கவில்லை. எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என விளக்கினார்கள். புகாரீயில் பதிவாகியுள்ள இச்செய்தியைக் கிரகணத் தொழுகையின்போது ஓதுகிறோம். வீட்டிற்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்!

கர்ப்பத்தின் நான்காம் வாரம் முதல் ஏழாம் வாரத்திற்குள் உதட்டின் இரு பக்கமும் ஒன்றுசேர வேண்டும். சேராதபோது பிளவு நிற்கிறது. உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்றுக்கு உதட்டிலோ அண்ணத்திலோ பிளவு காணப்படுகிறது. மரபணு, சர்க்கரை நோய், புகைப்பழக்கம், சில வலிப்பு மருந்துகள் போன்றவற்றுக்கு இதில் பங்குண்டு என்கிறார்கள் மருத்துவர்கள். பெரும்பாலும் இன்னதுதான் காரணம் எனச் சுட்ட இயலாது. தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

முதற்கவலை பால்தான். உதட்டில் மட்டும் பிளவிருந்தால் பல குழந்தைகள் தாயிடமே குடிக்கும். அண்ணமும் பிளந்திருந்தால் உறிஞ்ச முடியாது. பால் மூக்கில் ஏறும். தாய்ப்பாலைப் பீய்ச்சி, தலையை உயர்த்திப் பிடித்து, பாலாடையால் சிறிது சிறிதாகப் புகட்டி, அடிக்கடி ஏப்பம் விடச் செய்யுங்கள். உதட்டை வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள்ளும் தைக்கிறார்கள். பின்னர் பேச்சுப் பயிற்சியும் செவிப் பரிசோதனையும் தேவைப்படலாம். 2013இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் இக்குறையும் அடங்கும். கிராமச் செவிலியரிடம் கேளுங்கள். நம் ஊர்ப் பெருமாள் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவசாலையையும் அங்கிருந்த அறுவை வைத்தியரையும் குறிப்பிடுகிறது. அத்தகைய ஊரார் கத்திக்கு அஞ்சலாமா?

தழும்பு ஓரளவு நிற்கும். "மூளி" என்று தெருவில் அழைப்பார்கள். பட்டப்பெயர் சூட்டுவதைக் குர்ஆன் தடுக்கிறது என்பதை அண்டை வீட்டாருக்குத் தயங்காமல் சொல்லுங்கள். "பிறக்கும்போது உதடு சேரவில்லை, டாக்டர் தைத்தார்" என்று பதில் சொல்லக் குழந்தைக்கும் கற்றுக்கொடுங்கள். ஸாஹிர் (ரலி) என்ற நாட்டுப்புறத்துத் தோழர் அழகற்றவர் எனக் கருதப்பட்டவர். கடைவீதியில் அவரைப் பின்னாலிருந்து கட்டியணைத்து விளையாடிய நபியவர்கள், தம்மை விலைபோகாத சரக்கு என்று அவர் சொன்னபோது, அல்லாஹ்விடம் நீர் மலிவானவரல்லர் என்றார்கள். ஊர் பார்க்க நடந்தது இது.

அறுவை முடியும்வரை அகீகாவைத் தள்ளிவைக்கலாமா என அவ்வீட்டார் வினவினர். ஏழாம் நாளே கொடுங்கள், குழந்தையை மூடாமல் சபைக்குக் கொண்டுவாருங்கள் என்றேன். வந்தார்கள். குழந்தை பாட்டியாரின் மடியில் இருந்தது.