விபூதியை வைத்துவிட்டுத் தராசை எடுங்கள்

தாத்தா காலத்து வெள்ளி ரூபாய் கையில் கிடைத்தால் நம் வீடுகளில் முதலில் அதற்கு நடப்பது விபூதிக் குளியல். குங்குமச்சிமிழுக்குச் சரி, காசுக்கு அது கேடு. மேலே படிந்த கறுப்பு அழுக்கல்ல. காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் வெள்ளியும் சேர்ந்து உண்டான சல்பைடு. தேய்த்தால் கறுப்போடு வெள்ளியும் போகும், மெல்லிய கீறல்கள் மிஞ்சும். அலுமினியத் தாள், சோடா உப்பு, வெந்நீர் வைத்தியம் கந்தகத்தை மட்டும் பிரித்து வெள்ளியைக் காசிலேயே விட்டுவிடும். வேதியியல் சரிதான். ஆனால் திரும்பிப் படியும் வெள்ளிக்குப் பழைய மினுமினுப்பு வராது. சேகரிப்பாளர்கள் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள்.

யார் காசு என்பதற்குத் தலையே பாதி விடை. 1835இல் நான்காம் வில்லியம், 1840 முதல் விக்டோரியா, 1903 முதல் முடிசூடாத தலையுடன் ஏழாம் எட்வர்டு, 1911 முதல் ஐந்தாம் ஜார்ஜ். ஆண்டை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1862 என்றிருக்கும் ரூபாய் 1874 வரை அதே ஆண்டோடுதான் அச்சாகிவந்தது. 1911 ரூபாயில் ஜார்ஜ் மன்னரின் அங்கியிலிருந்த யானை பன்றியைப் போலத் தெரிந்ததால் எதிர்ப்புக் கிளம்ப, அடுத்த ஆண்டே யானையைத் திருத்த வேண்டியதாயிற்று. ராமர் பட்டாபிஷேகமும் 1818ஆம் ஆண்டும் பொறித்த 'கம்பெனி காசு' யாராவது தந்தால், அது புழங்கிய நாணயமே அல்ல.

வெள்ளி எவ்வளவு என்பதுதான் சுவையான கேள்வி. ரூபாயின் எடை ஒரு தோலா, 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். போர்க்காலத்தில், 1940 முதல், வெள்ளி பாதியாகக் குறைந்தது. எடை மாறவில்லை, அதனால் வெறுமனே தராசில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. ஆர்க்கிமிடீஸைத்தான் கூப்பிட வேண்டும். 0.01 கிராம் காட்டும் சிறு மின்தராசில் முதலில் காசை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தராசு காட்டுவது காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் 10.3 ஒட்டி வருவது பழைய வெள்ளி, 9.5 ஒட்டி வருவது போர்க்கால ரூபாய். காசு தேய்ந்திருந்தாலும் இந்த ஈவு மாறாது. மாலையில் கோக்க வளையம் பற்றவைத்திருந்தால் கணக்கு கொஞ்சம் பிசகும். 1947 ரூபாய்க்கு இந்தப் பாடே வேண்டாம். முழு நிக்கல் என்பதால் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இனி பராமரிப்பு. விளிம்பைப் பிடித்தே எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கலப்பில்லாத அசிட்டோனில் சற்று ஊறவைத்து, துடைக்காமல் உலரவிடுங்கள். பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் கந்தகம் கொண்டவை, ஆகவே ஆகாது. மெத்தென்ற பி.வி.சி. உறையில் அமிலம் கசிந்து பச்சைப் பிசின் படியும். பாலியெஸ்டர் உறையும் பக்கத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும்.

வெளிநாட்டிலிருக்கும் பேரனுக்கு அனுப்பும் எண்ணமிருந்தால் ஒன்று: நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனி ஆள் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது.