கரண்ட் வச்சு முடிச்சாச்சு... அப்புறம்?

நம்ம ஊர்ல கதிர்வீச்சு சிகிச்சைக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கு: 'கரண்ட் வைக்கிறது'. "எத்தனை கரண்ட் எழுதியிருக்காங்க?", "பாதி கரண்ட் முடிஞ்சிருச்சு" என்றுதான் ஆஸ்பத்திரி வராண்டாவில் பேசிக்கொள்வார்கள். இ.இ.இ. நண்பர்கள் கோபப்பட வேண்டாம், உடம்புக்குள் கரண்ட் எதுவும் பாய்வதில்லை. ஆனா அந்தப் பேரைக் கேட்டே பாதிப் பேர் பயந்துடறாங்க.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். உங்க கிளாஸ்லயே யாரோ ஒருத்தர் வீட்டில் அம்மாவோ சித்தியோ இந்தச் சிகிச்சையில் இருக்கலாம். அவர் வெளியே சொல்லியிருக்க மாட்டார். 'மார்பகம்' என்ற சொல்லையே வீட்டில் சத்தமாகச் சொல்லாதவர்கள்தானே நாம்! அதனால இந்தக் கட்டுரையில் ரெண்டு விஷயம் பார்ப்போம். ஒண்ணு, அந்த மெஷின் என்ன செய்யுது. ரெண்டு, சிகிச்சை முடிஞ்ச பிறகு வர்ற நாட்கள் ஏன் கஷ்டமா இருக்கு, அப்போ அதே வழியில் நடந்த இன்னொரு பெண் எப்படிக் கைகொடுக்கிறார்.

மெஷினுக்குள் என்ன நடக்குது?

இப்போ பெரும்பாலும் பயன்படுவது லீனியர் ஆக்சிலரேட்டர், சுருக்கமா 'லினாக்'. எலெக்ட்ரான்களை மைக்ரோவேவ் உதவியால் வேகப்படுத்தி, டங்ஸ்டன் தகட்டில் மோத விடுகிறார்கள். அதிலிருந்து அதிக ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கிளம்பும். மோட்டார் வைத்த மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையா நகர்ந்து அந்தக் கதிருக்கு வடிவம் கொடுக்கும். எங்கே படணுமோ அங்கே மட்டும் படும்படி, முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்துத் திட்டம் போட்டிருப்பார்கள். தினமும் அதே இடத்தில் படுக்க வைக்க, தோலில் சின்னச் சின்னப் புள்ளிகள் வைப்பார்கள். இடது பக்கம் என்றால், மூச்சை ஆழமா இழுத்துப் பிடிக்கச் சொல்வதும் உண்டு. நுரையீரல் விரியும்போது இதயம் கதிரின் பாதையிலிருந்து கொஞ்சம் விலகிடும், அதுக்காகத்தான்.

கதிர்வீச்சை 'கிரே' என்ற அலகில் அளக்கிறார்கள். 1 கிரே என்றால் ஒரு கிலோ திசு உறிஞ்சிக்கொள்ளும் 1 ஜூல். மார்பகத்துக்குப் பல காலமாக இருந்த வழக்கம் 25 நாளில் 50 கிரே. இப்போ பலருக்கு 15 நாளில் 40 கிரே. 5 நாளில் 26 கிரே கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வின் ஐந்து வருட முடிவு 2020-ல் வந்தது. மூணு வாரச் சிகிச்சைக்கு அது குறைஞ்சது இல்லை என்று தெரிந்தது. யாருக்கு எது என்பது டாக்டர் முடிவு.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. அந்த 40 கிரேயும் ஒரே நேரத்தில் ஒரு கிலோ தண்ணீரில் இறங்கினால் வெப்பம் எவ்வளவு கூடும்? 40-ஐ 4186-ஆல் வகுங்க. 0.01 டிகிரிகூட வராது. அப்போ 'கரண்ட் வச்சு சுட்டுட்டாங்க' என்பது சரியில்லை. இங்கே வேலை செய்வது சூடு இல்லை. கதிர் எலெக்ட்ரான்களைத் தட்டிவிட்டு, செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழைகளை அறுக்குது. நல்ல செல்களுக்கு அதை ஒட்ட வைக்கும் திறமை அதிகம், புற்றுநோய் செல்களுக்குக் குறைவு. ஒரே நாளில் மொத்தத்தையும் கொடுக்காம, கொஞ்சம் கொஞ்சமா பிரித்துக் கொடுப்பது நல்ல செல்கள் இடைவேளையில் ரிப்பேர் பார்த்துக்கொள்ளத்தான்.

இன்னும் ரெண்டு சந்தேகம். மெஷினை நிறுத்தியதும் கதிரும் நின்னுடும். அம்மா உடம்பில் எதுவும் தங்காது. கட்டிப்பிடிக்கலாம், குழந்தையை மடியில் வச்சுக்கலாம். அப்புறம், மார்பகத்துக்குக் கொடுக்கும் கதிர்வீச்சால் தலைமுடி கொட்டாது. அது கீமோதெரபியின் வேலை.

முடிஞ்ச பிறகுதான் கூடுமா?

"கடைசி நாள் நல்லாத்தான் இருந்தாங்க, அடுத்த வாரம்தான் தோல் இப்படி ஆகிடுச்சு" என்று பல வீடுகளில் பதறுவார்கள். இதுக்குக் காரணம் உண்டு. நம்ம தோலின் அடி அடுக்கில்தான் புது செல்கள் பிறக்குது. அவை மேலே வந்து சேர சில வாரங்கள் ஆகும். கதிர்வீச்சு அடிக்கிறது அந்த அடி அடுக்கை. ஒரு ஃபேக்டரியில் உற்பத்தி நின்னாலும் குடோன் சரக்கு தீரும் வரை கடையில் பொருள் இருக்கும் இல்லையா, அதே கதைதான். மேலே இருக்கும் பழைய செல்கள் உதிர்ந்து, புதுசு வராதபோது தோல் சிவக்கும், கறுக்கும், உரியும். அதனால தோல் பாதிப்பு சிகிச்சை முடிந்து ஒன்று, இரண்டு வாரத்தில் உச்சத்துக்குப் போகும். பிறகு மெல்ல ஆறும்.

கூடவே சோர்வு. இது தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை. வாரக்கணக்கில் சேர்ந்துகொண்டே வந்து, முடிந்த பிறகும் சில வாரம், சிலருக்குச் சில மாதம் இருக்கும். தோள்பட்டை இறுகி, மேல் ஷெல்ஃபில் இருக்கும் டப்பாவை எடுக்க முடியாது. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால் கை வீங்கும் வாய்ப்பும் உண்டு.

இந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கும்? "அதான் எல்லாம் முடிஞ்சுதே!" என்று எல்லாரும் மூச்சு விடுவாங்க. லீவு போட்ட அப்பா வேலைக்குத் திரும்புவார். ஊரிலிருந்து வந்த பாட்டி கிளம்புவார். நீங்க செமஸ்டருக்கு ஹாஸ்டல் போயிடுவீங்க. தினமும் பார்த்த டாக்டரும் நர்ஸும் இப்போ மாசத்துக்கு ஒரு முறைதான். உடம்பு அதிகமா படுத்தற நேரமும், சுத்தி இருந்தவங்க கலையற நேரமும் ஒண்ணா வருது. இந்த இடைவெளியில்தான் சக நோயாளியின் துணை ரொம்ப வேலை செய்யுது.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு"

ரேடியேஷன் வார்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. தினமும் ஒரே நேரம், அதே பெஞ்சு, அதே முகங்கள். எங்க பெரியம்மாவுக்கு 15 நாள் சிகிச்சை நடந்தப்போ, பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அக்காவுக்கு அது 12-வது நாள். "மூணாவது வாரம் அரிக்கும், சொறிஞ்சிடாதீங்க. பழைய காட்டன் ஜாக்கெட்டை ஒரு சைஸ் லூஸா தச்சுக்கங்க" என்றார். டாக்டரும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருந்தார். ஆனா பெரியம்மா தையல்காரரைத் தேடிப் போனது அந்த அக்கா சொன்ன பிறகுதான்.

அதில் என்ன வித்தியாசம்? அனுபவப்பட்டவர் மூணு விஷயம் தருகிறார். முதலாவது, நடைமுறை விவரம்: எந்த உள்ளாடை உரசாது, பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காரணும் மாதிரி. இரண்டாவது, 'எனக்கு மட்டும்தான் இப்படியா?' என்ற கேள்விக்குப் பதில். சோர்வை வீட்டில் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடுவார்களோ என்று மறைப்பவர், இன்னொருத்தி "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றதும் லேசாகிவிடுவார். மூன்றாவது, கண்ணெதிரே ஒரு சாட்சி. அஞ்சு வருஷம் முன்னாடி இதே பெஞ்சில் உட்கார்ந்தவர் இன்று காய்கறிப் பையோட நிற்பதைப் பார்ப்பது, எந்தப் புள்ளிவிவரமும் தராத தைரியம்.

பந்து, கயிறு, படகு

இதை ஒரு முறையாகவே ஆக்கியவர் அமெரிக்காவின் டெரீஸ் லாசர். 1952-ல் அவருக்கு மார்பகத்தை அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. கையை எப்படி அசைப்பது, என்ன உடை போடுவது என்று சொல்ல ஆளில்லை. தேறியதும் அவரே மற்ற நோயாளிகளைப் பார்க்கக் கிளம்பினார். கையில் ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு, தற்காலிகச் செயற்கை மார்பகம். பந்தும் கயிறும் தோள் பயிற்சிக்கு. 'ரீச் டு ரெகவரி' என்ற அந்த முயற்சியை 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் ஏற்றுக்கொண்டது. இன்று பல நாடுகளில் நடக்கிறது.

இரண்டாவது கதை கனடாவின் வான்கூவர் நகரில். மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு கைக்குக் கடுமையான வேலை கொடுத்தால் வீக்கம் வரும் என்பது அப்போதைய நம்பிக்கை. டான் மெக்கென்ஸி என்ற விளையாட்டு மருத்துவருக்கு அதில் சந்தேகம். 1996-ல், சிகிச்சை முடித்த 24 பெண்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார். யாருக்கும் புதுசா வீக்கம் வரவில்லை, ஏற்கனவே இருந்தவர்களுக்கும் கூடவில்லை. 24 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனா 2009-ல், கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து நடந்த எடைப்பயிற்சி ஆய்விலும் வீக்கம் கூடவில்லை. பயிற்சி செய்தவர்களுக்கு அது திடீரென்று மோசமாவதும் குறைந்தது. மேற்பார்வையோடு, கொஞ்சம் கொஞ்சமா ஏற்றிய பயிற்சி அது. நாளைக்கே அம்மா கையில் தண்ணீர்க் குடத்தைக் கொடுத்துடாதீங்க!

அந்தப் படகில் இன்னொரு அழகும் உண்டு. அங்கே வட்டமா உட்கார்ந்து நோயைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. பேசப் பிடிக்காதவரும் பக்கத்து ஆளின் தாளத்துக்கு ஏத்தமாதிரி துடுப்புப் போடலாம். நம்ம ஊரில் நாலு பெண்கள் சேர்ந்து போகும் காலை நடை அந்த வேலையைச் செய்யும். சிகிச்சைக்குப் பிந்தைய சோர்வுக்கு, படுத்தே இருப்பதைவிட அளவான நடை நல்லது என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

ஆயுளைக் கூட்டுமா?

இஞ்சினியரிங் பசங்க கேட்கவேண்டிய கேள்வி இது. 1989-ல் ஸ்டான்ஃபோர்டின் டேவிட் ஸ்பீகல் ஒரு ஆய்வை வெளியிட்டார். நோய் பரவிவிட்ட 86 பெண்களில், வாராவாரம் ஆதரவுக் குழுவில் கலந்துகொண்டவர்கள் சராசரியா 36.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 18.9 மாதம். உலகமே வியந்தது. ஆனா 2001-ல் கனடாவில் 235 பெண்களை வைத்துத் திரும்பச் செய்தபோது ஆயுளில் வித்தியாசம் வரவில்லை. 2007-ல் ஸ்பீகலின் சொந்த மறு ஆய்விலும் மொத்தத்தில் அந்தப் பலன் தெரியவில்லை. ஆனா 2001 ஆய்வில் ஒன்று நின்றது: குழுவில் இருந்தவர்களின் மனவருத்தமும், வலியை உணரும் அளவும் குறைந்தன. அதிகமாகத் துவண்டிருந்தவர்களுக்கு அதிகப் பலன்.

அந்தக் குழுக்களை நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற நிபுணர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். ஆக, துணை மருந்தாகாது. "மனசு தைரியமா இருந்தா நோய் போயிடும்" என்று சொல்வதும் கொடுமைதான். நாளைக்கு நோய் திரும்பினால், 'நான்தான் தைரியமா இல்லையோ' என்று அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வார். வாழும் நாட்கள் சுமையில்லாம போகணும், அதுக்காகத்தான் துணை.

கவனிக்க வேண்டியவை

ஒருத்தரின் அனுபவம் இன்னொருத்தருக்கு அப்படியே பொருந்தாது. நோயின் வகை வேற, நிலை வேற, மருந்து வேற. "இந்த ஜூஸ் குடிச்சேன், மாத்திரையை விட்டுட்டேன்" என்று யாராவது சொன்னால், அங்கேயே காதை மூடிக்கொள்ளலாம். ஜாக்கெட், தூக்கம், பயம் பற்றித் தோழியிடம் கேட்கட்டும். மருந்தைப் பற்றி டாக்டரிடம் மட்டும்.

தோல் உரிந்த இடத்தில் சீழ், காய்ச்சல், கை திடீரென்று வீங்குதல், விடாத வறட்டு இருமல், மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, புதுக் கட்டி, ரெண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது: இதில் எது வந்தாலும் யாரிடமும் கருத்துக் கேட்காமல் நேரா ஆஸ்பத்திரி.

நீங்க என்ன செய்யலாம்?

- கடைசி 'கரண்ட்' தேதியைக் குறிச்சு வச்சுக்கங்க. அதுக்கு அடுத்த ரெண்டு, மூணு வாரம்தான் நீங்க அதிகமா தேவைப்படற நேரம். லீவு எடுப்பதா இருந்தா அப்போ எடுங்க.
- சிகிச்சை நடந்த துறையில் ஆலோசகர் அல்லது சமூகப் பணியாளர் இருப்பார். "சிகிச்சை முடிச்ச யாராவது அம்மாகிட்ட பேசுவாங்களா?" என்று கேளுங்க. அம்மாவாகக் கேட்கத் தயங்குவார்.
- அம்மாவுக்குப் பேச இஷ்டமில்லை என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். நம்பரை மட்டும் குறிச்சுக் கொடுங்க.
- வெதுவெதுப்பான தண்ணீர், மிதமான சோப்பு, தளர்ந்த பருத்தி உடை, அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்வது. பவுடர், சென்ட் வேண்டாம். எந்தக் களிம்பானாலும் டாக்டரைக் கேட்டுத்தான்.
- பசங்களா, இது 'லேடீஸ் விஷயம்' இல்லை. துணி காயப்போடுவதும், மேல் ஷெல்ஃப் டப்பாக்களைக் கீழே இறக்கி வைப்பதும் யாரும் செய்யலாம்.

அடுத்த தடவை அம்மாவிடம் போனில் "இப்போ பரவாயில்லையா?" என்று கேட்காதீங்க. அந்தக் கேள்விக்கு எல்லா அம்மாக்களிடமும் "நல்லா இருக்கேன்டா" என்ற ஒரே பதில்தான் இருக்கும். "இன்னிக்கு கை எவ்வளவு உயரம் தூக்க முடிஞ்சுது?" என்று கேட்டுப் பாருங்க. பதில் நீளமா வரும், பொறுமையா கேளுங்க.