மணப்பந்தலும் நாகசுரமும்

சங்கீதக் கருவிகளுள் வீட்டுக்கு உரியன என்றும், வெளிக்கு உரியன என்றும் இரு வகை உண்டு. வீணையும் தம்புராவும் நான்கு சுவர்களுக்குள்ளே, சிலர் அருகிருந்து கேட்பதற்கென்று அமைந்தவை. நாகசுரமும் தவிலுமோ வானத்தையே கூரையாகக் கொண்டு, கோயிற் பிராகாரத்திலும் மாடவீதியிலும் வாசற்பந்தலிலும் ஒலிப்பதற்கென்று அமைந்தவை. நம் நாட்டு விவாகங்கள் நெடுங்காலமாகப் பந்தலின் கீழும் தெருவின் நடுவிலுமே நிகழ்ந்து வந்தன. ஆதலின், அவற்றிற்கு நாகசுரம் வாய்த்தது வெறும் வழக்கத்தால் அன்று. தக்க காரணம் பற்றியே ஆகும். அக்காரணத்தையும், இக்கருவியையே தம் உயிராகக் கொண்ட வித்துவான் ஒருவரின் வாழ்வையும், வெளியில் விவாகம் நடத்துவோர் அறிய வேண்டிய முறைகளையும் இங்கே ஒருவாறு எடுத்துரைப்போம்.

வெளியும் ஒலியும்

மண்டபத்திற்குள் பாடுங்கால் ஒலியானது சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, நேரே வரும் ஒலியோடு கலந்து அதற்கு வலிமை சேர்க்கின்றது. திறந்த வெளியில் அவ்வுதவி இல்லை. சென்ற ஒலி சென்றதே, திரும்புவதில்லை. மேலும், தூரம் இரட்டித்தால் ஒலியின் செறிவு நாலில் ஒரு பங்காகக் குறைகின்றது. பத்தடியில் இனிதாகக் கேட்கும் வீணை நாற்பதடியில் பதினாறில் ஒரு பங்கே ஆகும். அதன்மேல் விருந்தினர் பேச்சும், குழந்தைகளின் கூச்சலும், சமையற்கட்டின் ஓசையும் சேருமாயின் வீணை எங்கே நிற்கும்?

நாகசுரம் நிற்கின்றது. இதற்குக் காரணம் அதன் உரப்பு மட்டும் அன்று. அதன் சீவாளியின் இரண்டு இதழ்களும் காற்றினால் அதிர்ந்து, ஓர் அடிப்படைச் சுரத்தை மட்டும் அன்றி அதன் மேற்கிளைச் சுரங்கள் பலவற்றையும் வலிமையுடன் எழுப்புகின்றன. மனிதச் செவியோ வினாடிக்கு ஏறத்தாழ 2,000 முதல் 4,000 வரை அதிரும் ஒலிகளையே மிக எளிதில் உணர்வது. நாகசுரத்தின் மேற்கிளைச் சுரங்கள் அவ்வெல்லையில் நிறைந்திருத்தலால், ஆரவாரத்தின் நடுவிலும் அது தனித்து விளங்குகின்றது.

இரவில் நடக்கும் ஊர்வலத்தின் வாசிப்பு அடுத்த ஊருக்கும் கேட்கும் என்று பெரியோர் சொல்வது உண்டு. இது மிகைக்கூற்று அன்று. பகலில் தரையையொட்டிய காற்றுச் சூடாகவும் மேற்காற்றுக் குளிர்ந்தும் இருத்தலால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடுகின்றது. தெளிந்த இரவிலோ தரை குளிர்கின்றது. மேற்காற்றுச் சற்று வெம்மையாக இருக்கின்றது. ஒலி கீழ்நோக்கி வளைந்து தரையைப் பற்றிக்கொண்டு நெடுந்தூரம் செல்லுகின்றது. ஊர் அடங்கிய அமைதியும் அதற்குத் துணையாகும்.

கருவியின் அமைப்பு

நாகசுரம் மேலே குறுகிக் கீழே விரிந்து வரும் மரக்குழல். அக்குழலை உலவு என்பர். அதன் அடியிற் பொருத்தப்படும் விரிந்த வாய் அணசு எனப்படும். மேல்முனையிற் செருகும் சிறிய உலோகக் குழாய் கெண்டை. அதன்மேற் பொருத்துவது சீவாளி. நாணல் இனத்துத் தட்டையைப் பல நாள் பக்குவம் செய்து சீவாளி கட்டுவர். திருவாவடுதுறைச் சீவாளி இன்றும் பெயர்பெற்றது. குழலில் விரல்கள் மூடித் திறக்கும் துளைகள் ஏழு. அவற்றின் கீழேயுள்ள துளைகளை மெழுகினால் வேண்டியவாறு அடைத்துச் சுருதியைச் செம்மை செய்வர்.

துளைகள் ஏழே ஆயினும், கருநாடக சங்கீதத்தின் நுண்ணிய சுரபேதங்கள் எல்லாம் அதில் வரவேண்டும். அவற்றை வித்துவான் துளையை அரைகுறையாக மூடியும், உதட்டின் அழுத்தத்தாலும், மூச்சின் ஏற்றத் தாழ்வாலும் உண்டாக்குகின்றார். ஆதலின் நாகசுரம் பயில்வோர் தம் உடலையே கருவியின் ஒரு பாகமாக ஆக்கிக்கொள்ள வேண்டியவர்கள்.

கருவிக்குரிய மரம் ஆச்சா. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் வழியிலுள்ள நரசிங்கம்பேட்டையில், பழைய வீடுகளிலிருந்து பிரித்தெடுத்த ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்து வருகின்றனர். பல ஆண்டுகள் வீட்டில் உத்தரமாக இருந்து நன்கு உலர்ந்த மரம், வெயிலிலும் பனியிலும் வாசிக்கும்போது வளையாது, வெடிக்காது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

ஒரு வித்துவானின் வாழ்வு

இக்கருவியை உலகறிய உயர்த்தியவர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை. இவர் 1898-ஆம் ஆண்டு பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். இளமையிலேயே தந்தையை இழந்து, தாய்மாமனாகிய திருமருகல் நடேச பிள்ளையின் ஆதரவில் வளர்ந்தார். நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தில் நாகசுரம் வாசித்த வித்துவான். ஆயினும் மருமகனுக்கு முதலிற் கற்பிக்கப் பெற்றது வாய்ப்பாட்டே. பிடில் வித்துவான் திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் அவர் பாட்டுப் பயின்றார். பின்னாளில் அவருடைய நாகசுரம் பாடுவது போலவே இருந்தது என்று கேட்டோர் வியந்ததற்கு இதுவே வித்தாகும்.

அவருக்கு உயிரான இராகம் தோடி. அதனை மணிக்கணக்காக, வாசித்ததையே மீண்டும் வாசியாமல் விரிக்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது. இவ்வாற்றலுக்கும் திறந்த வெளிக்கும் தொடர்பு உண்டு. சபையிற் பாடுவோருக்குக் காலவரையறை உண்டு. பாட்டின் சாகித்தியமும் உண்டு. சுவாமி புறப்பாட்டில், வீதிதோறும் நின்று நின்று இரவு முழுதும் வாசிக்கும் நாகசுரக்காரருக்கோ இராக ஆலாபனையே பெரும்பொருள். அவ்வாறு வீதியில் வளர்ந்த இராக விரிவைக் கேட்டு வாய்ப்பாட்டு வித்துவான்களும் பயன்கொண்டனர். ஜி. என். பாலசுப்பிரமணியம் இராஜரத்தினத்தின் நாகசுரத்திற் பெரிதும் ஈடுபட்டவர்.

தோடியின்மேல் வைத்த இவ்விருப்பமும் கருவியின் மாற்றமும் ஒன்றையொன்று தழுவியவை. முற்காலத்தில் பெரிதும் வழங்கியது திமிரி என்னும் குட்டையான நாகசுரம். அது சுமார் இரண்டடி நீளம் உடையது. உச்சச் சுருதியில் கணீரென்று ஒலிப்பது. வெளிக்கு அது மிக ஏற்றதே. ஆனால் அதில் சுத்த மத்திமத்தைச் சுகமாக வாசிப்பது கடினம். தோடியோ சுத்த மத்திமத்தை உடைய இராகம். சுருதி தாழ்ந்து, ஒலி ஆழ்ந்து, சுத்த மத்திமம் செம்மையாகப் பேசும் நீண்ட நாகசுரத்தை நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி உருவாக்கித் தந்தார். அதுவே பாரி எனப்படுவது. இராஜரத்தினம் கையாண்டபின் பாரியே எங்கும் பரவியது. ஒரு மனிதரின் விருப்பமும் ஒரு தச்சரின் கைத்திறனும் கூடி, தலைமுறை தலைமுறையாக வந்த கருவியையே மாற்றிவிட்டன.

மாற்றம் கருவியோடு நிற்கவில்லை. நின்றும் நடந்தும் வாசித்துவந்த நாகசுரக்காரர், பாட்டு வித்துவான்களுக்கு நிகராக மேடையில் அமர்ந்து வாசிக்கும் நிலை ஏற்பட்டதற்கு அவரே தலையாய காரணர். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார். திறந்த மார்போடும் குடுமியோடும் நிற்றல் வேண்டும் என்ற பழைய நியமத்தை விடுத்து, கிராப்பும் நீண்ட மேலங்கியுமாகச் சபையேறினார். 1940-ஆம் ஆண்டில் வெளிவந்த 'காளமேகம்' என்னும் படத்திற் காளமேகப் புலவராகவும் நடித்தார்.

அவருடைய சொந்த வாழ்வு அத்துணை அமைதியாக இருக்கவில்லை. பல முறை மணம் புரிந்தும் அவருக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. பெரும்பொருள் ஈட்டினார், ஈட்டியதைத் தாராளமாகச் செலவிட்டார். எத்தனையோ மணப்பந்தல்களுக்கு மங்களம் சேர்த்த கை, தன் இல்லத்துக்கென்று அமைதியைச் சேர்த்துவைக்கவில்லை. 1956-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ஆம் நாள் அவர் காலமானார். அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலமும், அவர் பாணியில் ஈடுபட்டு ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்னமௌலானாவும் அந்நாதத்தைப் பின்னும் வளர்த்தனர். சின்னமௌலானா இஸ்லாமியர். கோயிலிலும் மணப்பந்தலிலும் ஒலிக்கும் இக்கலை எந்த ஒரு சமயத்தாரின் தனியுடைமையும் அன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

பந்தலில் அமைக்கும் முறை

இனி, தோட்டத்திலோ ஆற்றங்கரையிலோ வாசற்பந்தலிலோ விவாகம் நடத்துவோர் கவனிக்க வேண்டியவற்றைக் கூறுவோம்.

முதலாவது, இடம். காற்று வீசும் திசையை முன்னரே அறிந்து, காற்று வாத்தியக்காரரிடமிருந்து சபையோரை நோக்கிச் செல்லுமாறு மேடை அமைக்க. ஒலி காற்றோடு செல்லுங்கால் தெளிவாகவும், எதிர்த்துச் செல்லுங்கால் மங்கியும் கேட்கும். வாத்தியக்காரர் இருக்கும் இடத்திலிருந்து மணவறை கண்ணுக்குத் தெரிதல் இன்றியமையாதது. தாலி கட்டும் தருணத்தில் பெரியவர் கை உயர்த்தியவுடனே, வாசித்துக்கொண்டிருந்த இராகத்தை அந்த இடத்திலேயே நிறுத்திக் கெட்டிமேளம் முழங்க வேண்டும். தும்மல் முதலிய அமங்கல ஓசைகள் மணமக்கள் செவியில் விழாதபடி மறைப்பதற்கே அது ஏற்பட்டது என்பர். வேறொரு பயனும் அதற்கு உண்டு. மணவறையைக் காண இயலாத தூரத்தில் நிற்பவர்க்கும், சமையற்கட்டில் இருப்பவர்க்கும், 'இதோ, இப்பொழுது' என்று அறிவித்து, எல்லோரையும் ஒரே நொடியில் வாழ்த்தச் செய்வது அதுவே.

இரண்டாவது, காலம். விடியலில் பூபாளமும், காலையில் பிலஹரியும், இரவில் நீலாம்பரியும் வாசிப்பது பழைய முறை. நலங்கிலும் ஊஞ்சலிலும் ஆனந்தபைரவி, குறிஞ்சி, நவரோஜ் முதலியவை விளங்கும். சோகச் சாயலுடைய முகாரி முதலியவற்றை விவாகத்தில் விலக்குவர். இவ்வொழுங்கை வித்துவானே அறிவார். வீட்டார் செய்யத்தக்கது, எந்தச் சடங்கு எப்பொழுது என்னும் குறிப்பை முதல்நாளே அவரிடம் கொடுப்பதுதான். முகூர்த்தத்திற்கு முன்னே விருந்தினர் வந்து அமரும் அரைமணி நேரத்தை அவருக்கென்றே ஒதுக்குவாராயின், ஓர் இராகத்தை முழுமையாகக் கேட்கும் பேறு யாவருக்கும் கிட்டும்.

மூன்றாவது, நிழலும் நீரும். சீவாளி உலர்ந்தால் பேசாது. அதனை வாயில் வைத்து நனைத்துப் பதப்படுத்திய பின்னரே வாசிப்பர். தவிலின் தோல் பனியிலும் மழையிலும் தளரும், வெயிலில் விறைக்கும். ஆதலின் மணமேடைக்கு எத்துணை கவனத்துடன் பந்தல் இடுகின்றோமோ, அத்துணை கவனத்துடன் வாத்திய மேடைக்கும் இடவேண்டும். இரண்டு மணி நேரம் ஊதுபவருக்கு இடையே இளைப்பாறலும் பருகுவதற்கு வெந்நீரும் வேண்டும்.

நான்காவது, ஒலிபெருக்கி. கூட்டம் பெரிதாயின் அது வேண்டப்படலாம். ஆனால் நாகசுரம் தானே வெளிக்கு அமைந்த கருவி. நூறு இருநூறு பேர் கூடும் பந்தலில் அதற்கு ஒலிபெருக்கி வைப்பது, உரத்துப் பேசுபவரை உரத்துப் பேசுமாறு வேண்டுவதை ஒக்கும். வைத்தே தீரவேண்டுமாயின், குழலின் வாயருகே வையாது சற்று விலக்கியே வைக்க.

முடிவுரை

இத்தனையும் கூறியதன் கருத்து ஒன்று. இந்நாளில் விவாகத்திற்குத் திட்டமிடுவோர் பந்தல், பூ, விருந்து, படம் என யாவற்றையும் மாதக்கணக்காக ஆராய்கின்றனர். வாத்தியத்தை மட்டும் 'ஒரு மேளம் பேசிவிடு' என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுகின்றனர். சில இடங்களில் அதுவும் இன்றிப் பதிவு செய்த ஒலியே கெட்டிமேளமாகின்றது. பதிவு செய்த மேளத்திற்குக் கண் இல்லை. மணவறையில் உயர்ந்த கையை அது காணாது. பெண்ணின் தாய் கண்கலங்கி நிற்கும் வேளையில் இராகத்தைத் தணித்துக்கொள்ளவும் அதற்குத் தெரியாது.

ஒரு தோடியைச் செம்மையாக வாசிப்பதற்கு ஒருவர் தம் இளமையைச் செலவிடுகின்றார். அதற்கேற்ற குழலைக் கடைவதற்கு ஒரு தச்சர் தம் கண்ணொளியைச் செலவிடுகின்றார். கேட்பவர் செலவிட வேண்டுவது அரைமணி நேரமே. அதனையும் கொடாதுவிடின், இன்னொரு தலைமுறையில் பந்தல் இருக்கும்; அதனை நிறைக்கும் நாதம் இராது. ஆதலின், வீட்டில் விவாகம் நிச்சயமான அன்றே வித்துவானைக் கண்டு, தாம்பூலம் கொடுத்து, அவர் அமரும் இடத்தையும் வாசிக்கும் நேரத்தையும் அவரையே கேட்டு அமைப்போமாக. அன்று அவருக்குச் செய்யும் மரியாதை, நாளை ஒரு சிறுவன் அக்குழலைக் கையில் எடுப்பதற்குத் துணிவாகும்.